ஃபெலுடாவைத் திரைக்குக் கொண்டுவருவோர் தோப்ஷேயை மறந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில், சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகளைத் தமிழில் தொலைக்காட்சித் தொடராக எடுக்கலாம் என்றும், டார்ஜிலிங்கில் நடக்கும் கதைகளுக்கு நுவரெலியாவிலேயே படப்பிடிப்பை நடத்திக்கொள்ளலாம் என்றும் யோசனை கூறும் கட்டுரையொன்று வெளியாகியிருந்தது. மலையகத்தில் இருந்துகொண்டு இப்படியொரு காரியத்தைப் பற்றி யோசிக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே மகிழ்ச்சிக்குரியது. தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் படிப்பித்து, வகுப்பு நூலக அலுமாரிகளின் சாவியைக் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில், தமிழில் வெளிவந்த ஃபெலுடா புத்தகங்கள் பிள்ளைகளின் கைகளில் படும் பாட்டை நான் அறிவேன். அட்டை கழன்று, முதல் பக்கங்கள் போய், பிறகு ஒருநாள் புத்தகமே காணாமற் போவதுதான் அவற்றுக்குக் கிடைத்த பாராட்டு.

கட்டுரையாளர் மூன்று மாற்றங்களை விரும்புகிறார். கதையின் காலத்தை இன்றைக்கு நகர்த்த வேண்டும், கதாநாயகி ஒருத்தி வேண்டும், இடம் நமது மலைகளாக இருக்க வேண்டும். ஃபெலுடாவாக நடிக்கத் தகுந்தவர்கள் என நடிகர்கள் சிலரின் பெயர்களையும் வரிசையாகத் தந்திருக்கிறார். ஆனால் அந்த நீண்ட கட்டுரை முழுவதிலும் தோப்ஷே என்ற பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. ஃபெலுடா கதைகளைத் திரைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது என்று நான் கருதுவதால் இதை எழுதுகிறேன்.

அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரதோஷ் சந்திர மித்ரா என்ற ஃபெலுடா முதன்முதலில் 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் சஞ்சிகையில் தோன்றினார். அது ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 1961இல் ராயின் முயற்சியால் மீண்டும் வெளிவந்த சஞ்சிகை. முதற்கதை டார்ஜிலிங்கில் நடக்கிறது. பழம்பொருள் சேர்க்கும் முதியவர் ஒருவருக்கு, அச்சடித்த எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டிய மிரட்டல் கடிதம் வருகிறது. கொலை கிடையாது, கொள்ளையும் கிடையாது. கடைசியில் வெளிப்படும் காரணமும் பாடசாலைக் காலத்தில் பட்டு, வயதான பிறகும் ஆறாமல் கிடந்த ஒரு மனக்காயம்தான். இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் ஃபெலுடாவின் தம்பி முறையான தோப்ஷே. தன் வயது பதின்மூன்றரை என்றும் ஃபெலுடாவின் வயது அதன் இரட்டிப்பு என்றும் அவன் சொல்லுகிற அந்தத் தொடக்கத்திலேயே தொடர் முழுவதற்குமான பார்வை அமைந்துவிடுகிறது.

ஃபெலுடா ஆறடி உயரம் உள்ளவர், யோகாசனம் செய்பவர், எதைக் கேட்டாலும் விடை வைத்திருப்பவர், அநேகமாக ஒருபோதும் நிதானம் இழக்காதவர். இப்படிப்பட்ட ஒருவரை நேரடியாக நமக்கு முன்னே நிறுத்தினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும் என்பது என் எண்ணம். புத்தகத்தில் ஏன் சலிக்கவில்லை என்றால், அவரை நாம் அண்ணன்மீது உயிரையே வைத்திருக்கும் ஒரு தம்பியின் கண்ணால் பார்க்கிறோம். ஃபெலுடா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு விரல் நெட்டி முறிக்கும்போது, அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று பையன் ஊகிக்கிறான். என்ன பிடிபட்டது என்று அவனுக்குத் தெரியாது, ஆகையால் நமக்கும் தெரியாது. அவன் பயந்தால் நாமும் பயப்படுகிறோம். துப்பறிவாளரின் மூளைக்கும் வாசகருக்கும் நடுவே வாசகரின் வயதை ஒத்த ஒரு பிள்ளை நிற்கிறது. ஒளிப்பதிவுக் கருவிக்கு அப்படியொரு வயது கிடையாது. அது ஃபெலுடாவையும் திருடனையும் தெருவில் போகும் மாட்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். தோப்ஷே வெறுமனே பக்கத்தில் நடந்து வரும் பையனாகச் சுருங்கிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது. பிற்காலத்து ஃபெலுடா படங்கள் பலவற்றில் நடந்ததும் அதுவே.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர் ராய்தான். அவர் தம் கதையைத் தாமே படமாக்கியபோது எடுத்த முடிவு துணிச்சலானது. 1971இல் எழுதிய 'சோனார் கெல்லா' என்ற நாவலை மேற்கு வங்க அரசின் தயாரிப்பில் 1974இல் அவர் படமாக்கினார். முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லித் தங்கக் கோட்டையொன்றைப் படம் வரைந்துகொண்டிருக்கும் முகுல் என்ற சிறுவனை மருத்துவர் ஒருவர் ராஜஸ்தானுக்கு அழைத்துச் செல்கிறார். புதையலுக்கு ஆசைப்பட்ட இரண்டு அயோக்கியர்கள் அந்த மருத்துவரை மலைச்சரிவில் தள்ளிவிட்டு, அவருடைய பெயரில் ஒருவன் பையனோடு ஒட்டிக்கொள்கிறான். நாவலில் இந்த ஆள்மாறாட்டம் இறுதிப் பகுதியில்தான் தோப்ஷேக்கும் நமக்கும் தெரியவரும். படத்திலோ, ஃபெலுடா அவர்களைச் சந்திப்பதற்கு முன்பே ராய் அதை நம் கண்ணெதிரே நடத்திக் காட்டிவிடுகிறார். துப்பறியும் கதையின் முதுகெலும்பு என்று எல்லோரும் நினைக்கும் இரகசியத்தை ஆசிரியரே கைவிட்டுவிட்டார்.

கைவிட்டதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது என்ன? அந்தப் போலி மருத்துவன் சிரித்துப் பேசிக்கொண்டு முகுலின் கையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் திரையரங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஃபெலுடா அவனோடு அமர்ந்து உரையாடும்போது "ஐயோ, அவன்தான்" என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. புத்தகத்தில் தோப்ஷேயின் இடத்தில் இருந்த பதற்றத்தை ராய் எடுத்துப் பார்வையாளரின் மடியில் வைத்துவிட்டார். பிள்ளையின் பார்வையைக் காப்பாற்றுவதற்காகக் கதையின் அமைப்பையே மாற்றினார் என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன். மூலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் சம்பவங்களை வரிசை தவறாமல் எடுப்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு படத்தைக் கவனமாகப் பார்த்தாலே போதும்.

இன்னொரு காட்சி. 1979இல் வந்த 'ஜொய் பாபா ஃபெலுநாத்' காசியில் நடக்கிறது. உத்பல் தத் நடித்த மகன்லால் மேக்ராஜ் என்ற பெரும்புள்ளியின் வீட்டுக்கு ஃபெலுடா, தோப்ஷே, அவர்களுடைய நண்பர் லால்மோகன் கங்குலி ஆகிய மூவரும் அழைக்கப்படுகிறார்கள். சர்பத் வருகிறது, அதில் நஞ்சு கலந்திருக்குமோ என்று லால்மோகன் பாபுவுக்கு ஐயம். பிறகு மகன்லால் அவரை ஒரு பலகையின் முன்னால் நிறுத்தி, கை நடுங்கும் கிழட்டுக் கத்தி வீச்சுக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, விளையாட்டுக் காட்டச் சொல்கிறான். கத்திகள் ஒவ்வொன்றாக வந்து அவருடைய உடம்பை ஒட்டிப் பலகையில் குத்தி நிற்கின்றன. ஒரு துளி இரத்தம் இல்லை, ஓர் அடிதடி இல்லை. எல்லாம் அறிந்த ஃபெலுடா எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதை தோப்ஷே பார்க்கிறான். வீட்டின் மூத்தவர் பலர் முன்னிலையில் அவமானப்படுவதைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் நிலை எங்கள் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தகப்பன் ஏச்சு வாங்குவதைக் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! கதையின் பிற்பகுதியில் ஃபெலுடா அந்தக் கணக்கைத் தீர்க்கும்போது நமக்கு உண்டாகும் நிம்மதி, துப்புத் துலங்கிய நிம்மதியைவிடப் பெரிது.

லால்மோகன் கங்குலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜடாயு என்ற புனைபெயரில் படுபயங்கரச் சாகச நாவல்கள் எழுதித் தள்ளும் இந்த வழுக்கைத் தலை எழுத்தாளர், தம் நாவல்களில் விலங்குகளையும் நாடுகளையும் பற்றித் தாறுமாறான தகவல்களை எழுதிவிட்டு ஃபெலுடாவிடம் திருத்தம் வாங்குபவர். 'சோனார் கெல்லா' படத்தில், பாலைவனத்தில் ஒட்டகம் முள்ளைத் தின்பது பற்றி அவர் கேட்கும் அப்பாவித்தனமான கேள்விகளை வங்காளிகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்களாம். அந்த வேடத்தில் நடித்த சந்தோஷ் தத்தா தொழிலால் ஒரு வழக்கறிஞர். அவர் நடித்த பிறகு, ராய் தம் புத்தகங்களுக்குத் தாமே வரையும் ஓவியங்களில் ஜடாயுவின் முகத்தை சந்தோஷ் தத்தாவின் முகமாகவே மாற்றிக்கொண்டார். 1988இல் அந்த நடிகர் காலமானபின் ராய் வேறு ஃபெலுடா படம் எடுக்கவில்லை. எழுதியவரே நடிகரிடம் தம் பாத்திரத்தை ஒப்படைத்துவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே நமது கட்டுரையாளர் நடிகர் பட்டியலைத் தயாரிக்கும்போது ஜடாயுவிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். நெட்டையான, கம்பீரமான இளைஞர்கள் தமிழ்ப் படவுலகில் தாராளமாகக் கிடைப்பார்கள். கேலிக்கு ஆளாகியும் தன்மானம் குறையாமல் நிற்கத் தெரிந்த நகைச்சுவை நடிகர் கிடைப்பதுதான் அரிது. முகத்தைக் கோணி, கீழே விழுந்து எழும்பிச் சிரிப்புக் காட்டுபவரை அந்த இடத்தில் போட்டால் தொடர் அன்றைக்கே முடிந்தது.

திரையாக்கம் பற்றி ராய் தம் கதைகளுக்குள்ளேயே வேடிக்கை செய்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பம்பாயில் நடக்கும் கதையொன்றில் ஜடாயுவின் எழுத்து இந்திப் படமாகிறது. அத்தகைய படத்துக்கு என்னென்ன சரக்குகள் வேண்டும் என்று, கடத்தல், துரத்தல், பாட்டு, நடனம் என ஃபெலுடாவே அவருக்குப் பாடம் எடுக்கிறார். பின்னர் அதே இயக்குநர் ஜடாயுவின் இன்னொரு கதையை எடுக்க டார்ஜிலிங்குக்கு வருகிறார். இம்முறை எழுத்தாளருக்கே ஒரு சிறு வேடமும் கிடைத்து, அவர் தரையில் கால் பாவாமல் திரிகிறார். தம் கதை கெட்டுப்போகிறதே என்ற வருத்தத்தைவிடத் திரையில் தம் பெயரைக் காணும் ஆசை எழுத்தாளருக்கு அதிகமாக இருப்பதை ராய் எவ்வளவு பரிவோடு பார்த்துச் சிரிக்கிறார்! நமது கட்டுரையாளர் கேட்கும் மாற்றங்களில் இரண்டு, ஃபெலுடா ஒப்புவிக்கும் அந்தச் சரக்குப் பட்டியலை எனக்கு நினைவூட்டின என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தமிழிலும் நமக்கு அனுபவம் உண்டு. சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1978இல் 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்தாக வந்தபோது, இளையராஜாவின் பாட்டுகளும் சிங்கப்பூர்க் காட்சிகளும் நிறைந்த படம் கிடைத்தது. பாட்டுகளை இன்றைக்கும் வானொலியில் கேட்கிறோம். வாசித்து வளர்ந்த கணேஷைத்தான் அங்கே தேட வேண்டியிருந்தது.

இனிக் காலத்தை மாற்றும் யோசனைக்கு வருகிறேன். இது புதிதல்ல. ராயின் மகன் சந்தீப் ராய் எடுத்த படங்களில் பல, கதையைத் தாம் எடுத்த காலத்துக்கே நகர்த்தின. 2003இல் வந்த 'பம்பாயேர் பம்பேட்டே'யில் சப்யசாசி சக்ரவர்த்தியின் ஃபெலுடா கைத்தொலைபேசியோடு உலாவினார். படமும் நன்றாக ஓடியது. ஆயினும் அதனால் இழக்கப்பட்டது ஒன்று உண்டு. மூலக்கதைகளில் ஃபெலுடாவுக்கு ஏதாவது பழைய விவரம் தேவைப்பட்டால் சித்து பெரியப்பாவிடம் போவார். வீடு நிறையப் புத்தகங்களும், பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய துணுக்குகளும் வைத்துக்கொண்டு, வெளியில் அதிகம் போகாமல், உலகத்துச் செய்தியெல்லாம் தலையில் வைத்திருக்கும் முதியவர் அவர். பையில் இணையம் இருக்கும் துப்பறிவாளர் அவரிடம் எதற்குப் போக வேண்டும்? வழி தவறுவது, தந்திக்குக் காத்திருப்பது, புகையிரதத்தைத் தவறவிட்டு நடு இரவில் ஆளில்லாத நிலையத்தில் உட்கார்ந்திருப்பது போன்றவற்றால்தான் இக்கதைகளில் பயமும் பொழுதும் உண்டாகின்றன. ராஜஸ்தானில் வண்டியின் சில்லுகள் வெடித்து, ஒட்டகங்களில் ஏறி, ஓடும் புகையிரதத்தை மறிக்கப் போகும் அந்தப் பயணத்தை ஒரு தொலைபேசி அழைப்பால் தவிர்த்துவிடலாம் என்றால் பார்ப்பவன் எதற்காகப் பதற வேண்டும்?

சரதிந்து பந்த்யோபாத்யாய 1932 முதல் எழுதிய பியோம்கேஷ் பக்ஷி என்ற துப்பறிவாளரை எடுத்துக்கொண்டால் காலம் இன்னும் இறுக்கமாகக் கதையோடு பின்னிக்கிடக்கிறது. அவர் மணம் செய்கிறார், தந்தையாகிறார், நாடு விடுதலை அடைவதற்கு முந்திய கல்கத்தாக் கலவரம் அவருடைய தெருவுக்கே வருகிறது. 1993இல் பாசு சாட்டர்ஜி தூரதர்ஷனுக்காக எடுத்த தொடரில் ரஜித் கபூர் வேட்டியோடும் சால்வையோடும் அமைதியாக வந்து உட்கார்ந்தார். ஆடம்பரமான அரங்குகள் இல்லாமலே அந்தக் காலம் நம்பும்படி இருந்தது. செலவு அதிகமாகும் என்பதனால் காலத்தை மாற்ற வேண்டியதில்லை என்பதற்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

கதாநாயகி பற்றிய யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபெலுடா கதைகளில் பெண்கள் மிகவும் குறைவு. இன்றைய வாசகிகள் அதைக் கேட்பதும் சரியே. சிறுவர் சஞ்சிகைக்கு எழுதியதால் பல விடயங்களைத் தொட முடியாத கட்டுப்பாடு ராய்க்கு இருந்தது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க ஃபெலுடாவுக்கு ஒரு காதலியைச் செய்து கொடுப்பது, பெண் பிள்ளைகளுக்கு எதையும் தரப் போவதில்லை. காதலி வந்தால் அவளைக் கடத்துவார்கள், அவர் மீட்பார். என் வகுப்புகளில் ஃபெலுடாவை விரும்பிப் படித்த பெண் பிள்ளைகள் எவரும் அவருடைய மனைவியாக விரும்பியதாகத் தெரியவில்லை. அவர்கள் தோப்ஷேயாகத்தான் இருக்க விரும்பினார்கள். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

நுவரெலியா. இங்கேதான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. டார்ஜிலிங் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். இரண்டிலும் தேயிலை, இரண்டிலும் வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற விடுதிகள், இரண்டிலும் நண்பகலில் வந்து பாதையை மூடும் பனிமூட்டம். ஒளிப்படத்தில் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடலாம். ஆனால் டார்ஜிலிங்கில் இருப்பது கஞ்சன்ஜங்கா. 8,586 மீற்றர் உயரமான அந்தப் பனிமலை வெளுத்ததா, மேகத்துக்குள் ஒளிந்ததா என்பது அங்கே அன்றாடப் பேச்சு. நம்முடைய மிக உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீற்றர். அது ஊருக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அதை எவரும் தலைநிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. டார்ஜிலிங்கின் புகையிரதம் இரண்டடி அகலப் பாதையில் கடைகளின் வாசலை உரசிக்கொண்டு போகும். நமதோ, 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த அகலப் பாதை. துரத்தல் காட்சி ஒன்றை எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: டார்ஜிலிங்கில் ஓடும் வண்டியிலிருந்து ஒருவன் இறங்கிச் சந்தைக்குள் கலந்துவிடலாம், நமது வண்டியிலிருந்து இறங்கினால் தேயிலைச் சரிவில்தான் உருள வேண்டும். ராய் இடங்களைத் துப்புகளாகவே பயன்படுத்தியவர். ஜெய்சல்மேரில் மஞ்சள் கல்லால் கட்டிய கோட்டை வெயிலில் பொன்னாகத் தெரிவதனால்தான் அந்தக் கதையே பிறந்தது. அந்தக் கதையை வேறு கோட்டையில் எடுக்க முடியாது.

இதைவிட முக்கியமான மற்றொரு வேறுபாடு இருக்கிறது. டார்ஜிலிங் கதைகளில் வருபவர்கள் கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மத்தியதர வங்காளிகள். அங்கே தேயிலை பறிக்கும் நேபாளி மொழி பேசும் தொழிலாளர் கதைக்கு வெளியே, மலையின் ஒரு பகுதியைப்போல இருக்கிறார்கள். ராயிடம் இதற்காகச் சண்டை பிடிக்க நான் வரவில்லை. பதின்மூன்றரை வயதுக் கல்கத்தாப் பையனின் விடுமுறைக் கண்ணில் படுவது அவ்வளவுதான். ஆனால் அதே கதையை அப்படியே நுவரெலியாவில் எடுத்தால், ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலிருந்து குதிரைப் பந்தயம் பார்க்க வரும் குடும்பமொன்று கதையின் நடுவில் நிற்கும், நாமோ கூடையைச் சுமந்துகொண்டு பின்னணியில் நடந்து போவோம். எத்தனை பாட்டுக் காட்சிகளில், எத்தனை விளம்பரங்களில் அப்படி நடந்துவிட்டோம். படப்பிடிப்புக்காக வந்தவர்கள், மழையில் நனைந்து வந்த பெண்களின் படங்குச் சாக்கைக் களையச் சொல்லிவிட்டு, வண்ணச் சேலை கட்டிய நடன மங்கையரைத் தேயிலைச் செடிகளுக்கிடையே நிறுத்தியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நம்முடைய மலையில் நம்மவர் எடுக்கும் தொடரும் அதையே செய்யுமானால் அதற்கு இங்கே வரத் தேவையில்லை.

ஆகவே என் கருத்து இது. ஃபெலுடாவை அவருடைய கல்கத்தாவிலும் டார்ஜிலிங்கிலும் காசியிலும் விட்டுவிட்டு, அந்தப் படங்களை நல்ல தமிழ்த் துணையெழுத்துகளோடு நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். மலையகத்துக்கு ஒரு துப்பறியும் தொடர் வேண்டுமென்றால், ராயின் கதையை எடுக்காமல் ராய் கதை சொன்ன விதத்தை எடுத்துக்கொள்ளலாம். சொல்பவள் ஒரு பெண் பிள்ளையாக இருக்கட்டும். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில், பாட்டியோடு இருப்பவள். பாட்டியின் சம்பளத் துண்டை மாதந்தோறும் வாசித்துச் சொல்வது அவள் வேலை. இது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஒரு மாதம், கொழுந்து மடுவத்தில் தராசு காட்டியதாகப் பாட்டி மனதில் வைத்திருந்த கிலோக் கணக்கும் துண்டில் உள்ள கணக்கும் ஒத்துவரவில்லை. இன்னொரு பக்கம், சென்ற ஆண்டு காலமான ஒருவருக்குச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் தொடர்ந்து பேர் விழுந்துகொண்டிருக்கிறது. யார் போடுகிறார்கள், அந்தச் சம்பளம் எந்தக் கைக்குப் போகிறது? கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, மிரட்டல் கடிதத்தைவிடச் சிறிய விடயம். ஆனால் இதைத் துருவப் போனால் கணக்கப்பிள்ளை, ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலை, கோயில் திருவிழாக் கணக்கு, தொழிற்சங்கத் தலைவர், கடைக்காரரின் கடன் கொப்பி என்று தோட்டம் முழுவதும் கதைக்குள் வந்துவிடும். துப்பறிபவர் நகரத்தில் படித்துவிட்டு வந்த சித்தப்பாவாகவோ, இடமாற்றத்தில் வந்த ஆசிரியையாகவோ இருக்கலாம். ஜடாயுவுக்கு ஈடாக, திருவிழாவுக்குத் திருவிழா நாடகம் எழுதி மேடையேற்றும் ஒருவர் எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? பனிமூட்டமும் புகையிரதமும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் காதில் விழும் பேச்சும் அப்போது அலங்காரமாக இல்லாமல் துப்புகளாகிவிடும்.

இப்படிச் செய்தால் பிள்ளையின் குரலைப் பின்னணியில் ஓயாமல் ஒலிக்கவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. அந்தச் சோம்பேறி வழியைப் பல தொடர்கள் கையாளுகின்றன. பார்ப்பவருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையை வைத்துத் தீர்மானித்தால் போதும். சில இடங்களில் அவளுக்குத் தெரியாததை நமக்குக் காட்டி, அவளுக்காக நம்மை அஞ்ச வைக்கலாம்; ராய் முகுலுக்குச் செய்தது அதுதான். அத்துடன் கதையை இழுக்கக் கூடாது. ஃபெலுடா நாவல்கள் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கக்கூடியவை. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். அவற்றை வாரக்கணக்கில் நீட்டினால், இடைவெளியை நிரப்ப மேலே சொன்ன சரக்குகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

கட்டுரையாளர் இவை எதையும் ஏற்காமல் ஃபெலுடாவையே எடுப்பதென்று முடிவு செய்தால், நான் எதிரி அல்லன்; முதல் ஆளாகப் பார்க்க உட்காருவேன். ராய் மறைந்தது 1992இல் என்பதால் கதைகளுக்கான உரிமையைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பெற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். டார்ஜிலிங்கைப் பின்னணியாகக் கொண்ட கதையை இயக்குநர் சிருஜித் முகர்ஜி, தோட்டா ராய் சௌத்ரியை ஃபெலுடாவாக வைத்து 2022இல் இணையத் தொடராக எடுத்திருப்பதையும் முதலில் பார்த்துவிட்டால், அதே மலையில் இன்னொரு முறை ஏறுவதற்குக் காரணம் இருக்கிறதா என்று அவருக்கே விளங்கும். ஃபெலுடா ஓயாமல் புகைக்கும் சார்மினார் சிகரெட்டைச் சிறுவர் பார்க்கும் தொடரில் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். எடுத்துவிடலாம்; அதனால் அவர் ஒன்றும் குறைந்துபோக மாட்டார்.

'சோனார் கெல்லா'வில் தோப்ஷேயாக வந்த சித்தார்த்த சாட்டர்ஜி நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், அப்போது அவர் பதின்ம வயது மாணவர். ஃபெலுடாவுக்கு நடிகர் பட்டியல் கொடுத்த கட்டுரையாளர், இந்தப் பையனை எந்தத் தோட்டப் பாடசாலைகளில், எப்படித் தேடப் போகிறார் என்பதையும் தங்கள் பத்திரிகையிலேயே எழுதுவாரானால், விண்ணப்பிக்க வைப்பதற்கு எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.